எழுத்தைத் தாளில் நிறுத்தும் சூடு

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பக்கத்து ராஜபாளையத்திலிருந்து வழக்குக்காக வருகிறவர்கள் ஜெராக்ஸ் கடையில் நகல் வாங்கும்போது தாள் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு இல்லையென்றால் எழுத்தே நிற்காது.

நகல் இயந்திரத்தில் எழுத்தாகப் பதியும் டோனர் என்பது மை அல்ல, தூள். பெரும்பகுதி பிளாஸ்டிக் பிசின். கறுப்புக்குக் கொஞ்சம் கரித்தூள். ஒரு துகள் 5 முதல் 10 மைக்ரான் வரை இருக்கும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. எழுத்தின் வடிவில் தூளை ஏந்தும் டிரம் உருளையிலிருந்து தாளுக்கு வந்ததும் அதை மின்னூட்டம் மட்டுமே பிடித்திருக்கும். விரல் பட்டால் அழிந்துவிடும். அடுத்து வரும் ஃபியூசரில் ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ் சூடான உருளையும், கீழிருந்து அழுத்தும் ரப்பர் உருளையும் இருக்கின்றன. இடையில் தாள் புகுந்து வெளியேறும் கண நேரத்தில் பிசின் உருகி நார்களுக்குள் இறங்கிவிட வேண்டும். சூடு குறைந்தால் எழுத்து உதிரும். கூடினால் பிசின் உருளையில் ஒட்டி, அதே தாளில் சற்றுக் கீழே நிழலாக மறுபடி பதியும்.

செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22இல் நியூயார்க்கில் எடுத்த முதல் நகலும் சூட்டில்தான் நின்றது. மெழுகுத் தாளைச் சூடாக்கித் தூளை ஒட்டவைத்தார். 1959இல் வந்த ஜெராக்ஸ் 914 இயந்திரத்தில் தாள் சிக்கினால் தீப்பற்றும் ஆபத்து இருந்ததால், கூடவே ஒரு தீயணைப்பான் கொடுத்தார்கள்! பிறகு வந்த கனத்த உருளைகள் சூடேற நிமிடக்கணக்கில் ஆனது. வேலை இல்லாத நேரத்திலும் மின்சாரம் தின்றன. மெல்லிய படலத்துக்குள் பீங்கான் ஹீட்டர் வைத்த ஃபியூசர்கள் சில நொடிகளில் தயாராகின்றன. என் பார்வையில் இதைவிடப் பெரிய முன்னேற்றம் தூளில் நடந்தது. துகளுக்குள்ளேயே மெழுகைச் சேர்த்ததால், உருளையில் ஒட்டாமலிருக்க சிலிக்கோன் எண்ணெய் பூசும் வேலை ஒழிந்தது. குறைந்த சூட்டில் உருகும் பிசின்களும் வந்தன.

இத்தனைக்குப் பிறகும் தாளின் குணம் குறுக்கே நிற்கிறது. பத்திரத் தாள் சாதாரண நகல் தாளைவிடக் கனமானது. சூட்டை அதுவே குடித்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தாளிலோ, சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். இரண்டிலும் எழுத்து மேலாக ஒட்டியிருக்கும், மடிப்பில் உதிரும். பல இயந்திரங்களில் கனத்த தாளுக்கென்றே ஓர் அமைப்பு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் தாள் மெதுவாக நகரும், அல்லது சூடு கூடும்.

கிரயப் பத்திரமோ உயிலோ அச்சிடும்போது அந்த அமைப்பைப் போடச் சொல்லுங்கள். அதே கனத் தாளில் முதலில் ஒரு மாதிரி எடுத்து, எழுத்தின் மேல் மடித்து நகத்தால் தேய்த்துப் பாருங்கள். தூள் உதிர்ந்தால் அந்த அச்சை ஏற்காதீர்கள்.