பழைய கணினியும் கம்பியில்லா இணைப்பும்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்

“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்” என்பது நம் நாட்டுப் பழமொழி. கணினியை அப்படிச் சொல்ல முடியாது. வாங்கும்போது பல ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள கணினி, பத்து ஆண்டுகள் சென்றதும் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கப்படுகிறது. அது கெட்டுப் போய்விட்டதா என்று பார்த்தால், பல நேரங்களில் இல்லை. தட்டினால் எழுத்து விழுகிறது. கணக்குப் போடச் சொன்னால் போடுகிறது. இணையத்தோடு சேர முடியவில்லை என்ற ஒரே குறைக்காக அது மூலைக்குப் போய்விடுகிறது.

இந்தக் குறையைக் கட்டை விரல் அளவேயுள்ள ஒரு கருவியைக் கொண்டு போக்கலாம். அதன் பெயர் யு.எஸ்.பி. வயர்லெஸ் அடாப்டர். கடையில் ‘வைஃபை டாங்கிள்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி, பொருத்துவது எப்படி, பொருத்திய பின்னும் வேலை செய்யாவிட்டால் எங்கே பார்ப்பது ஆகியவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்த முதல் ஆள் நான். படிப்புக்குக் கணினி வேண்டும் என்றபோது, பக்கத்து ஊரில் மூடப்பட்ட ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய மேசைக் கணினி ஒன்றை அப்பா வாங்கித் தந்தார். அங்கே அது கம்பி வழியாக இணையம் பெற்றுக் கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் கம்பிக்கு எங்கே போவது? இருப்பது ஒரு கைப்பேசிதான். உதவித்தொகை விண்ணப்பத்தைக் கைப்பேசியின் சின்னத் திரையில் நிரப்புவதும், ‘ஸ்வயம்’ தளத்தில் பாடம் கேட்டுக்கொண்டே குறிப்பெடுப்பதும் எவ்வளவு சிரமம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். அடாப்டரின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் அது அப்பாவின் ஒரு நாள் கூலி. அந்தக் கூலி வீணாகிவிடக் கூடாதே என்ற கவலையால், வாங்குவதற்கு முன் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததும் செய்து பார்த்ததும் என்னைப் போன்ற நிலையிலுள்ள மாணவ நண்பர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

அடாப்டர் என்ன செய்கிறது?

அடாப்டர் என்பது ஒரு சிறிய வானொலி நிலையம். நம் வீட்டு வானொலிப் பெட்டி கேட்க மட்டும் செய்யும். இதுவோ கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். இது பயன்படுத்தும் அலைவரிசை 2.4 கிகா ஹெர்ட்ஸ், அதாவது 2400 முதல் 2483.5 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. குறைந்த திறனில் இயங்கும் கருவிகள் இப்பகுதியைத் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என 2005-ஆம் ஆண்டு இந்திய அரசு அறிவித்தது.

அலையின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்று படித்திருக்கிறோம். 2.4 கிகா ஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டால் 12.5 சென்டிமீட்டர் வருகிறது. அதில் கால் பங்கு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். ஆகவே கால் அலைநீள ஆண்டெனா ஒன்றை விரல் அளவுள்ள கருவிக்குள் அடக்கிவிட முடிகிறது. மத்திய அலையில் 1000 கிலோ ஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் நிலையத்தின் அலைநீளம் 300 மீட்டர். அதன் ஆண்டெனாக் கோபுரம் வானளாவ நிற்பது ஏன் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

அடாப்டருக்குத் தனி மின்சாரம் தேவையில்லை. யு.எஸ்.பி. துளையே 5 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் தருகிறது. யு.எஸ்.பி. 2.0 துளையிலிருந்து 500 மில்லி ஆம்பியர் வரை பெறலாம். செய்தியும் அதே துளை வழியாகத்தான் போய் வருகிறது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998-இல் வந்த யு.எஸ்.பி. 1.1 நொடிக்கு 12 மெகாபிட் கடத்தும். 2000-இல் வந்த யு.எஸ்.பி. 2.0 நொடிக்கு 480 மெகாபிட் கடத்தும். 2009-இல் வகுக்கப்பட்ட ‘802.11 என்’ என்னும் தரத்தில் அமைந்த, ஒற்றை ஆண்டெனா கொண்ட அடாப்டரின் மேல் எல்லை 150 மெகாபிட். கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளும் நமக்கு இதுவே போதும். கூடுதல் வேகம் என்று சொல்லி விலை உயர்ந்ததை எடுத்துக் காட்டினால் மயங்க வேண்டியதில்லை.

பெட்டியின் பெயரா, உள்ளிருக்கும் சில்லா?

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இந்தப் பகுதியை நினைவில் வையுங்கள் என்பேன். அடாப்டரின் மேலுறையில் அச்சிட்ட பெயர் வேறு. உள்ளே வேலை செய்யும் சில்லு வேறு. கணினிக்கு மேலுறை தெரியாது. அது பேச வேண்டியது சில்லோடுதான். இருவரும் பேச ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷிதான் ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி மென்பொருள். ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் அதற்குரிய டிரைவர் தேவை. அந்த டிரைவரும் நம் கணினியின் இயங்குதளத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

சந்தையில் அடாப்டர்கள் எத்தனையோ பெயர்களில் வருகின்றன. ஆனால் ரியல்டெக், மீடியாடெக் போன்ற ஒரு சில நிறுவனங்களின் சில்லுகளே அவற்றில் பலவற்றுள் இருக்கின்றன. சில வேளைகளில் ஒரே பெயர், ஒரே எண் கொண்ட பொருளுக்குள்ளும் சில்லு மாறிவிடும். டி.பி. லிங்க் நிறுவனத்தின் டி.எல். டபிள்யூ.என். 722 என் என்ற அடாப்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முதல் பதிப்பில் இருந்தது ஏதரோஸ் நிறுவனத்தின் ஏ.ஆர். 9271 என்ற சில்லு. இரண்டாம் பதிப்பு முதல் ரியல்டெக் சில்லு. வெளித் தோற்றத்தைப் பார்த்து வேறுபாடு காண்பது கடினம். முதல் பதிப்புக்குரிய டிரைவரை இரண்டாம் பதிப்புக்கு இட்டால் அது இயங்காது. ஆகவே ‘வி 1’, ‘வி 2’ என்று அட்டையிலோ கருவியின் முதுகிலோ போட்டிருக்கும் பதிப்பு எண்ணையும் பார்த்தே வாங்க வேண்டும்.

வாங்கிய பிறகு சில்லைக் கண்டுபிடிக்கக் கருவியை உடைக்க வேண்டியதில்லை. யு.எஸ்.பி. கருவி ஒவ்வொன்றும் தன்னுள் இரண்டு எண்களைச் சுமக்கிறது. முதல் எண் நிறுவனத்தைக் குறிக்கும்; இரண்டாவது பொருளைக் குறிக்கும். துளையில் செருகியவுடன் கணினி “நீ யார்?” என்று கேட்பதும், கருவி இந்த எண்களைச் சொல்வதும் நம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிடுகின்றன. விண்டோஸில் ‘டிவைஸ் மேனேஜர்’ சென்று, கருவியின் மீது வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘டீட்டெய்ல்ஸ்’, ‘ஹார்டுவேர் ஐடி’ என்று போனால் இவ்வெண்களைக் காணலாம். லினக்ஸில் ‘எல்.எஸ்.யு.எஸ்.பி.’ என்ற ஒரே கட்டளை போதும். என் அடாப்டர் காட்டிய எண் 148எஃப் : 7601. இது மீடியாடெக்கின் எம்.டி. 7601 யு என்ற சில்லைக் குறிப்பது. இச்சில்லுக்கான டிரைவர் 2015-இல் வெளிவந்த 4.2-ஆம் பதிப்பிலிருந்தே லினக்ஸின் கெர்னலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதனால் லினக்ஸ் நிறுவியிருந்த என் கணினியில் செருகியவுடன் சுற்றியுள்ள இணைப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

பொருத்தும் முறை

முதலாவது, கணினியின் தேதியையும் நேரத்தையும் சரி செய்யுங்கள். இதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, அடாப்டரைச் செருகி ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். இயங்குதளத்திலேயே டிரைவர் இருந்தால் அது தானாக எழுந்துவிடும்.

மூன்றாவது, எழாவிட்டால் டிரைவரை நிறுவ வேண்டும். அடாப்டரோடு ஒரு சிறிய குறுந்தகடு தருவார்கள். பழைய கணினியில் குறுந்தகட்டைப் படிக்கும் பகுதிதான் முதலில் கெட்டிருக்கும்! இணையத்திலிருந்து இறக்கலாம் என்றால், இணையம் பெறுவதற்குத்தானே இந்தப் பாடெல்லாம்? கோழி முதலா, முட்டை முதலா என்ற கதையாகிறது. இதற்குக் கைப்பேசியிலேயே வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜ் ஏற்றும் கம்பியால் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதைத் தட்டுங்கள். கணினி அக்கைப்பேசியை ஒரு கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 7-க்குப் பிந்திய இயங்குதளங்களிலும் லினக்ஸிலும் இதற்குப் பெரும்பாலும் தனி டிரைவர் தேவைப்படாது. டிரைவரை அடாப்டர் நிறுவனத்தின் தளத்திலிருந்தோ சில்லு நிறுவனத்தின் தளத்திலிருந்தோ மட்டுமே இறக்க வேண்டும். ‘எல்லா டிரைவரும் இலவசம்’ என்று அழைக்கும் பிற தளங்களில் நோய்க்கிருமி போன்ற மென்பொருள்களும் ஒட்டிக்கொண்டு வரக்கூடும்.

நான்காவது, இணைப்பின் பெயரைத் தேர்ந்து கடவுச்சொல்லைத் தட்டுங்கள். பெயரே தென்படவில்லை என்றால் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் 5 கிகா ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். 2.4 மட்டுமே கேட்கும் காதுக்கு 5 கேட்காது. கைப்பேசியில் 2.4-க்கு மாற்றியதும் பெயர் தோன்றும். பெயர் தோன்றியும் சேர மறுத்தால், பாதுகாப்பு முறையை ‘டபிள்யூ.பி.ஏ. 3’ என்பதிலிருந்து ‘டபிள்யூ.பி.ஏ. 2’ என்று மாற்றிப் பார்க்கலாம். முன்னது 2018-இல் வந்தது. பழைய டிரைவர்கள் பல அதை அறியமாட்டா.

வேலை செய்யாவிட்டால்

செருகியும் அசைவே இல்லையா? கணினிப் பெட்டியின் முன்பக்கத் துளைகள் நீண்ட கம்பியால் உள்ளே இணைக்கப்பட்டவை. பல ஆண்டுகளில் தளர்ந்திருக்கலாம். பின்பக்கத் துளைகள் தாய்ப்பலகையிலேயே இருப்பவை. அவற்றில் செருகிப் பாருங்கள்.

ஆனால் பின்பக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு. பெட்டி இரும்புத் தகட்டால் ஆனது. ரேடியோ அலையை உலோகம் மறைக்கும். சுவருக்கும் இரும்புக்கும் நடுவே அடைபட்ட அடாப்டருக்கு அலை குறைவாகவே எட்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள யு.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி வாங்கி, அடாப்டரை மேசை மேல் கொண்டு வந்து வைத்தால் வேறுபாடு உடனே தெரியும்.

சில அடாப்டர்கள் செருகியவுடன் குறுந்தகடு போலத் தோன்றும். தமக்குரிய டிரைவரைத் தமக்குள்ளேயே வைத்திருப்பவை அவை. டிரைவரை நிறுவிவிட்டு அந்தக் ‘குறுந்தகட்டை’ வெளியேற்றும் கட்டளையைத் தந்தால் உண்மையான அடாப்டர் வெளிப்படும்.

இணைப்பு அவ்வப்போது அறுந்தால், விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதிக்குச் சென்று, மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்கிவிட வேண்டும்.

இனித் தேதிக்கு வருவோம். அடாப்டர் சேர்ந்துவிட்டது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்று வருகிறது என்பது பழைய கணினிகளில் பலர் காணும் குறை. அடாப்டரைப் பழிப்பதில் பயனில்லை. தாய்ப்பலகையில் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் நாணய வடிவ பேட்டரி இருக்கும். அது தீர்ந்திருந்தால், சுவிட்சை நிறுத்தியவுடன் கணினியின் கடிகாரம் பழைய ஆண்டொன்றுக்குத் திரும்பிவிடும். இணையத் தளங்கள் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய ஆண்டிலே நிற்கும் கணினிக்கு அச்சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! ஆகவே ஏற்க மறுக்கிறது. அந்த பேட்டரியை மாற்றி, தேதியைச் சரி செய்தால் குறை நீங்கும்.

ஓர் எச்சரிக்கை

இணையத்தோடு சேர்ந்த கணினிக்குப் பாதுகாப்பும் வேண்டும். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. அவற்றை வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டில்லாத வீட்டில் பணம் வைப்பதற்குச் சமம். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளில் பழைய கணினிக்கு ஏற்ற எளியவை இருக்கின்றன. அடாப்டர் வாங்குமுன் இதையும் முடிவு செய்துகொள்வது நல்லது. ஏனெனில் டிரைவர் உண்டா இல்லையா என்பது இயங்குதளத்தைப் பொறுத்தது.

முடிவுரை

ஆக, கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். என் கணினியின் இயங்குதளம் எது? இந்த அடாப்டரின் சில்லு எது? அந்தச் சில்லுக்கு அந்த இயங்குதளத்தில் டிரைவர் உண்டா? இம்மூன்றும் தெரிந்தால் நம் பெற்றோரின் ஒரு நாள் கூலி வீணாகாது.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். துறைகளில் பயன்பாட்டிலிருந்து ஒதுக்கப்பட்ட கணினிகள் இருக்குமாயின், அவற்றை ஏலத்துக்கு அனுப்புமுன் ஒரு சனிக்கிழமை மட்டும் மாணவர்களாகிய எங்களிடம் தாருங்கள். நான்கில் ஒன்று பிழைத்தாலும், வீட்டில் கணினி இல்லாத ஒரு மாணவர் மாலையில் அமர்ந்து படிக்க ஓர் இடம் கிடைக்கும். அடாப்டர்களின் எண்களைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை நான் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன்.