விதைநெல்லுக்கு முட்டைச் சோதனை

விதைநெல்லைத் தண்ணீரில் கொட்டி, மிதக்கும் பதரை அரித்தெடுப்பது உழவர்களின் பழைய வழக்கம். நல்ல வழக்கந்தான், ஆனால் போதாது. பதர் போய்விடும், கருக்காய் போகாது. கருக்காயும் முளைக்கும், ஆனால் நாற்று நலிந்து நிற்கும். குத்துக்கு ஒரே நாற்று நடும் திருந்திய நெல் சாகுபடியில் இந்த இழப்பு நன்கு தெரியும்.

காரணம் என்ன?

நீரில் அமிழும் பொருள் தன் பருமனுக்குச் சமமான நீரை விலக்குகிறது. விலகிய நீரின் எடை அளவுக்கு நீர் அதை மேலே தள்ளுகிறது. முற்றிய மணி, கருக்காய், பதர் மூன்றுக்கும் உமியின் அளவு ஏறக்குறைய ஒன்றே. உள்ளே உள்ள அரிசிதான் வேறுபடுகிறது. பதர் நீரைவிட இலேசானது, மிதக்கிறது. கருக்காய் நீரைவிடச் சற்றே கனமானது. முற்றிய மணியோடு அடியில் தங்கிவிடுகிறது. நீரைக் கனமாக்கினால் கருக்காயும் மேலே வரும். அதற்குத்தான் உப்பு.

செய்யும் முறை

15 லிட்டர் வாளியில் 10 லிட்டர் தண்ணீர் எடுத்து, புதிய கோழி முட்டை ஒன்றை இடவும். முட்டை அடியில் தங்கும். சமையல் உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைக்கவும். முட்டை மேலெழுந்து, பழைய நாலணா அளவு வெளியே தெரியும்போது நிறுத்தவும். உப்பு சுமார் ஒன்றரை கிலோ பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ. இந்தக் கரைசல் ஏறத்தாழ 1 கிலோ 90 கிராம்.

முட்டையை எடுத்துவிட்டு, விதையை இரண்டு மூன்று கிலோவாகப் போட்டு நன்கு கலக்கவும். கலக்காவிட்டால் உமியில் ஒட்டிய காற்றுக் குமிழியால் நல்ல விதையும் மிதக்கும். மிதப்பவற்றை நீக்கி, அடியில் தங்கியதை உடனே நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவவும். உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

கவனிக்க வேண்டியவை

பழைய முட்டை கூடாது. நாளாக ஆக முட்டையின் ஈரம் ஓட்டின் வழியே வெளியேறி, உள்ளே காற்று கூடுகிறது. அது உப்பு போதுமான அளவு சேரும் முன்பே மிதந்து ஏமாற்றிவிடும். கருக்காய் விதையோடு தங்கிவிடும்.

ஒவ்வொரு முறை விதையை எடுத்த பிறகும் முட்டையை மீண்டும் இட்டுப் பார்க்கவும். தாழ்ந்தால் உப்புச் சேர்க்கவும். மீதக் கரைசலை வயலிலோ மரத்தடியிலோ ஊற்ற வேண்டாம்.

செலவு உப்புக்கு மட்டுமே. முட்டையைக் கழுவி அடுப்படிக்கு அனுப்பிவிடலாம்.