நுண்துகள்களும் நச்சுச் சோதனையும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியை அடுத்து உள்ளது ஹெப்பகோடி. மருந்துத் தொழிற்சாலைகளும் ஆய்வுக்கூடங்களும் மிகுந்த இவ்வட்டாரத்தில், தமிழகத்திலிருந்து வந்து உழைக்கும் நம்மவர் பலர். மருந்தை உண்பவருக்கும், அதன் பொடியைக் கையாளும் தொழிலாளிக்கும் ஒருங்கே உரிய கேள்வி ஒன்றை இங்கு ஆராய்வோம். ஒரு பொருள் மிக நுண்ணிய துகளாகும்போது அதன் குணமும் மாறுமா?

மாறக்கூடும் என்பதே விடை. ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர் ஆகும். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுடையவற்றை நானோ துகள்கள் என்கிறோம். பக்கம் ஒரு சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கட்டிகளாகப் பிரித்தால், மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் ஆகிவிடும். எடை கூடவில்லை, உயிரணுக்களோடு உறவாடும் பரப்போ பன்மடங்கு பெருகுகிறது. ஆகவே, கட்டியாக இருக்கையில் தீங்கற்றதெனத் தேறிய பொருளையும் துகளான பின் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

சோதனைச்சாலையில் முதற்கண் துகளின் அளவும் வடிவமும் அளக்கப்படுகின்றன. அடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் துகளைக் கலந்து, எத்தனை அணுக்கள் பிழைக்கின்றன என்று பார்க்கின்றனர். இதற்குரிய மஞ்சள் சாயம் ஒன்றை உயிருள்ள அணுக்கள் ஊதா நிறமாக்கும். ஆனால் கரி அணுக்களாலான நுண்குழாய்கள் அவ்வூதாப் பொருளைப் பிணைத்துக் கரையவிடாமல் தடுப்பதும், அதனால் உயிருள்ள அணுக்களும் மடிந்தவைபோல் தோன்றுவதும் 2006ஆம் ஆண்டில் அறியப்பட்டன. எனவே ஒரே சோதனையை நம்பாது, வேறு முறையாலும் சரிபார்ப்பது இன்றியமையாததாயிற்று.

பின்னர் விலங்குகளின் முறை. 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், எலிகளின் வயிற்றறையில் செலுத்தப்பட்ட நீண்ட கரி நுண்குழாய்கள், கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைப் போன்றே அழற்சியை உண்டாக்கின. குட்டையான அல்லது சுருண்ட குழாய்கள் அவ்வாறு செய்யவில்லை. பொருள் ஒன்றேயாயினும் வடிவம் வேறானால் விளைவும் வேறாகலாம் என்பது இதனால் தெளிவு. நானோ துகள் யாவும் நஞ்சென்பதும் தவறு. யாவும் தீங்கற்றவை என்பதும் தவறு.

நம் நாட்டில், 1965ஆம் ஆண்டு லட்சுமணபுரியில், அதாவது லக்னோவில், தொடங்கப்பெற்ற நச்சியல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் உழைத்து வருகிறது. நானோ மருந்துகளை மதிப்பிடும் நெறிமுறைகளை மத்திய அரசு 2019ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை.

மருந்து நோயாளியைச் சென்றடையுமுன், அதன் தூசி தொழிலாளியின் சுவாசத்தைச் சென்றடையக்கூடும். ஆதலின் நுண்பொடியோடு பணிபுரிவோர், அப்பொருளின் பாதுகாப்புக் குறிப்பேட்டை மேற்பார்வையாளரிடம் கேட்டறிதல் வேண்டும். மூடிய கலத்திலோ, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டினுள்ளோ பொடியைக் கையாளுதலும், சாதாரணத் துணியை நம்பாது, தக்க சுவாசக் கவசம் அணிதலும் நலம். சோதனைச்சாலை கண்டறிந்த உண்மை, வேலைத்தளத்தில் கடைப்பிடிக்கப்படும்போதே உயிரைக் காக்கும்.