சிங்கப்பூருக்குக் கார் ஓட்டிப் போகிறீர்களா? கோட்டைப் பாருங்கள்!

இந்த வாரம் நான் பேச எடுத்துக்கொண்டது கார் நிறுத்தும் சங்கதி. அதுவும் நம்மவர்கள் சிங்கப்பூரில் கார் நிறுத்தும் சங்கதி. இதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் மாமாவைக் கேட்டிருந்தால் 2024-க்கு முன்பு அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

மாமா ஸ்கூடாயில் இருக்கிறார். அவருடைய தங்கை, அதாவது என் சின்னம்மா, கல்யாணமாகிப் போனது சிங்கப்பூர் யீஷூனுக்கு. 2024-இல் சின்னம்மா மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் சீர்த்தட்டுகளைக் காரில் அடுக்கிக்கொண்டு, அத்தையும் பிள்ளைகளுமாக விடியற்காலையிலேயே பாலம் ஏறினார்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கார் எண்ணைப் பார்த்த அதிகாரி, இந்தக் கார் உள்ளே வர முடியாது, கட்டாத அபராதம் ஒன்று இருக்கிறது என்றார். மாமாவுக்கு நினைவே இல்லை. அத்தைக்குத்தான் நினைவு வந்தது. 2019-இல் ஒரு குடியிருப்புப் பேட்டையில் சிவப்புக் கட்டத்தில் காரை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் வைப்பர் இடுக்கில் ஒரு காகிதம். "நம்ம ஊரு காருக்கு இவங்க என்ன பண்ணிட முடியும்?" என்று மாமா அதை டேஷ்போர்டுக்குள் திணித்தார். அப்புறம் கொவிட் வந்து எல்லை மூடிவிட்டது. காகிதம் எங்கே போனதோ, யாருக்கும் தெரியாது.

காரைத் திருப்பிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கே வந்து, அங்கே அதை நிறுத்தி, சீர்த்தட்டுகளைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நிச்சயதார்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. தாய்மாமன் இடத்தில் பெண்ணின் சித்தப்பா நின்றிருக்கிறார். மாமா இன்னமும் அந்தப் படங்களைப் பார்ப்பதில்லை.

நடந்தது என்னவென்றால், முன்பெல்லாம் பல அபராதங்களைச் சேர்த்து வைத்திருக்கும் வெளிநாட்டு வாகனங்களையும், கடுமையான குற்றம் செய்த வாகனங்களையும் மட்டுமே சாவடியில் திருப்பினார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. சாலைக் குற்றம், கார் நிறுத்தக் குற்றம், வாகனப் புகைக் குற்றம் எதுவானாலும் சரி, பாக்கி ஒன்றே ஒன்று இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். அபராதம் போடுவதும் ஓர் இலாகா மட்டும் அல்ல. நிலப் போக்குவரத்து ஆணையம், போக்குவரத்துக் காவல்துறை, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நகர மறுசீரமைப்பு ஆணையம், தேசியச் சுற்றுப்புற வாரியம் என்று ஆளுக்கொரு பக்கம் எழுதுகிறார்கள். எல்லாக் கணக்கும் சாவடியில் வந்து கூடுகிறது.

நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, நேயர்களே. சம்மன் வந்தால் உடனே கட்டமாட்டோம். கழிவு அறிவிப்பார்கள், பாதிப் பணத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருப்போம். நானும் அப்படித்தான், மறைக்கவில்லை. அந்தக் கணக்கை அங்கே போட்டுப் பார்க்காதீர்கள்.

சரி, அபராதமே வராமல் நிறுத்துவது எப்படி? அந்த ஊரில் சாலையோரக் கோடு பேசும். ஒற்றை மஞ்சள் கோடு என்றால் திங்கள் முதல் சனி வரை காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணி வரை நிறுத்தக்கூடாது. ஞாயிறும் பொது விடுமுறையும் விலக்கு. இரட்டை மஞ்சள் கோடு என்றால் எந்த நாளும், எந்த நேரமும் கூடாது. வளைந்து வளைந்து போகும் ஒற்றை மஞ்சள் கோட்டில் ஆளை ஏற்றலாம், இறக்கலாம், உடனே கிளம்பிவிட வேண்டும். அதுவே இரட்டையாக வளைந்திருந்தால் சக்கரம் நிற்கவே கூடாது. டபுள் சிக்னல் போட்டுவிட்டு "ரெண்டே நிமிசம் அண்ணே" என்று பூ வாங்க இறங்குவது தேக்காவில் நடக்காது. தீபாவளி நெருங்கும்போது சிராங்கூன் சாலைப் பக்கம் இதற்காகவே மாட்டிக்கொள்ளும் நம்மவர்கள் உண்டு.

அடுக்குமாடிகளின் கீழே இருக்கும் நிறுத்துமிடங்களில் கட்டத்தின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளைக் கட்டம் நமக்கு, அதாவது வந்து போகிறவர்களுக்கு. சிவப்புக் கட்டம் மாதக் கட்டணம் கட்டிய குடியிருப்பாளர்களுக்கு. சில இடங்களில் இன்ன நேரத்தில் மற்றவர்களும் நிறுத்தலாம் என்று பலகை இருக்கும். அந்தப் பலகையைப் படிக்காமல் காரை விட்டு இறங்காதீர்கள். பக்கத்தில் பத்து கார் சிவப்பில் நிற்கிறதே என்று நாமும் நிறுத்தினால், அந்தப் பத்தும் அங்கே குடியிருப்பவர்களின் கார்கள். என் மாமா ஏமாந்தது இங்கேதான்.

அடுத்தது கட்டணம். தடுப்புக் கம்பம் உள்ள நிறுத்துமிடம் ஒரு வகை. அங்கே பல இடங்களில் கேஷ்கார்ட் அல்லது நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டை வேண்டும். நம் சாதாரண டச் என் கோ அட்டையைக் காட்டினால் கம்பம் உயராது, பின்னால் ஹார்ன்தான் கேட்கும். கம்பம் இல்லாத நிறுத்துமிடம் இன்னொரு வகை. முன்பு அங்கே காகிதக் கூப்பனில் ஆண்டு, மாதம், நாள், மணி என்று மடித்துக் கண்ணாடியில் வைப்போம். 2017 அக்டோபரில் பார்க்கிங்.எஸ்ஜி என்ற செயலி வந்த பிறகு கைப்பேசியிலேயே முடிந்துவிடுகிறது. கார் எண்ணையும் நேரத்தையும் போட்டால் போதும். விருந்து நீண்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே நேரத்தைக் கூட்டலாம். சீக்கிரம் கிளம்பினால் மீதிப் பணம் திரும்பி வரும். கூப்பன் காலத்தில் இந்த வசதி ஏது? ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கார் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் நீங்கள் கட்டிய பணம் இன்னொரு காருக்குப் போய்விடும், உங்கள் காருக்கு அபராதம் வரும்.

காசு எவ்வளவு என்றால், நகர மையத்துக்கு வெளியே பெரும்பாலான வீவக நிறுத்துமிடங்களில் அரை மணி நேரத்துக்கு 60 காசு. மையப் பகுதியில் வேலை நாட்களிலும் சனிக்கிழமையும் பகலில் அதுவே 1 வெள்ளி 20 காசு. இரவு 10.30 முதல் காலை 7 வரை எவ்வளவு நேரம் நின்றாலும் பொதுவாக 5 வெள்ளிக்கு மேல் போகாது. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பகல் முழுக்க 65 காசு. ரிங்கிட்டில் பெருக்கிப் பார்த்தாலும் அபராதத்துக்கு முன்னால் இதெல்லாம் ஒரு தொகையே இல்லை.

பலர் அறியாத ஒன்று. நின்றுகொண்டிருக்கும் காரில் இன்ஜினை ஓடவிட்டு ஏர்கோன் போட்டுத் தூங்குவது அங்கே குற்றம். சுற்றுப்புற வாரியம் இதற்கு அபராதம் போடுகிறது. குழந்தை தூங்குகிறது, வெயிலாக இருக்கிறது என்று தாய்மார்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக்குப் போய்விடுங்கள், அங்கே காற்று நன்றாக வரும்.

பழைய பாக்கி இருக்கிறதா என்று தெரியாதவர்கள் ஏஎக்ஸ்எஸ் இணையத்தளத்தில் கார் எண்ணைப் போட்டுப் பாருங்கள், அங்கேயே கட்டவும் செய்யலாம். இதைக் கிளம்பும் நாள் காலையில் செய்யாதீர்கள். பழைய கார் வாங்கியவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சிங்கப்பூரிலிருந்து பார்க்கும் நேயர்கள் சிரிக்க வேண்டாம். 2025 ஜூலை 1 முதல் வாகன நுழைவு அனுமதி இல்லாமல் இங்கே வரும் உங்கள் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். அதைக் கட்டாமல் நம் எல்லையைத் தாண்டித் திரும்பவும் முடியாது.

மாமா அன்று இரவே பாக்கியைக் கட்டிவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில்தான் சின்னம்மா வீட்டுக்குப் போகிறார். அந்தப் புளோக்கின் கீழே ஞாயிறும் பொது விடுமுறையும் காலை 7 முதல் இரவு 10.30 வரை இலவசம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பத்தேகால் ஆனதும் பேச்சை நடுவிலேயே நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். சின்னம்மாவுக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.