காவிரிக்குக் காதோலை கருகமணி... திருமணிமுத்தாறுக்குச் சாக்கடையா?

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தின் முகமே மாறிவிடும். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் போதும்... குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை, அன்னதானப்பட்டி என நகரத்தின் அத்தனை மாரியம்மன்களுக்கும் ஒரே சமயத்தில் திருவிழா. கூழ், பொங்கல், அலகு, உருளுதண்டம் என்று தெருவுக்குத் தெரு அமர்க்களப்படும். மாவட்ட நிர்வாகமே உள்ளூர் விடுமுறை விட்டுவிடுகிறது. குகைப் பகுதியின் 'வண்டி வேடிக்கை' இன்னும் விசேஷம். சீரியல் பல்புகள் மின்னும் வண்டிகளில் சிவன், பார்வதி, முருகன் வேடம் கட்டியவர்கள் ஊர்வலமாக வர, கையில் போனோடு கூட்டம் அலைமோதும்.

இதே சேலத்தில்தான் 1944 ஆகஸ்ட் 27-ம் தேதி நீதிக்கட்சி 'திராவிடர் கழகம்' என்று பெயர் மாறியது. 1971 ஜனவரியில் பெரியார் கலந்துகொண்ட மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்ததும் இங்கேதான். பகுத்தறிவும் வளர்ந்தது, வண்டி வேடிக்கையும் நிற்கவில்லை. அப்படியென்றால், இவ்வளவு படித்த பிறகும் சாமியும் புராணமும் ஆற்று வழிபாடும் மனிதனுக்குத் தேவைப்படுகின்றனவா?

பதிலுக்கு மேட்டூர் வரை போகலாம். 1934-ல் திறக்கப்பட்ட அணை. முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. குடகில் மழை பெய்தால்தான் இங்கே நீர்மட்டம் ஏறும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைய நீர்வரத்து காலையிலேயே செல்போனுக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் ஆடி 18 அன்று மேட்டூரிலும் பூலாம்பட்டியிலும் பரமத்திவேலூரிலும் மோகனூரிலும் காவிரிக் கரையில் கால் வைக்க இடமிருக்காது. காவிரியை மசக்கைக்காரியாக நினைத்துத்தான் காதோலை கருகமணி, காப்பரிசி, சித்ரான்னம் எல்லாம். புதுப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். ஆறு அரிசி சாப்பிடும் என்று அங்கே யாரும் நம்புவதில்லை. வயலை நனைத்த தண்ணீருக்கு நன்றி சொல்ல ஒரு முகம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். டி.எம்.சி கணக்கிடம் நன்றி சொல்ல முடியாதே!

நாமக்கல் லாரிப் பட்டறைகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். புது பாடி கட்டிய வண்டி கிளம்பும்போது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அதற்காக பிரேக்கைப் பார்க்காமல் விடுகிற டிரைவர் உண்டா? பிரேக் வண்டிக்கு. எலுமிச்சை, அவர் ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு.

பிரெஞ்சு சமூகவியல் அறிஞர் எமில் துர்கைம் 1912-ல் எழுதிய நூலில், ஒரு சமூகம் தன் தெய்வத்தைக் கும்பிடும்போது உண்மையில் தன் ஒற்றுமையைத்தான் கும்பிடுகிறது என்று வாதிட்டார். குகை வண்டி வேடிக்கையைப் பார்த்தால் அவர் கட்சிக்கு இன்னொரு சாட்சி கிடைத்திருக்கும்.

எல்லாம் சரி. இடிக்கிற இடம் ஒன்று உண்டு.

சேர்வராயன் மலைப்பக்கம் பிறந்து சேலத்துக்குள் ஓடும் ஆற்றின் பெயர் திருமணிமுத்தாறு. முத்து பிறந்த ஆறு என்று கதை சொல்வார்கள். கரையிலேயே சுகவனேஸ்வரர் கோயில். பெயரில் 'திரு', கதையில் முத்து, கரையில் சிவன்... ஆனால், நகரத்துக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அதைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஊரின் கழிவுநீர் மொத்தமும் அதில்தான். புராணம் இருந்தும் ஆறு பிழைக்கவில்லை. காவிரி மட்டும் என்ன வாழ்ந்தது? பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயக் கழிவுப் பிரச்னை பல வருடப் பழசு. ஆடி 18 முடிந்த மறுநாள் படித்துறைகளில் பழைய துணியும் பிளாஸ்டிக் கவரும் குவிந்து கிடப்பதும் பக்தியின் மிச்சம்தான்.

மாறாக, கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் பாருங்கள். 2010-ல் நகரவாசிகள் சிலர் கைகோத்து ஏரியைத் தூர்வாரினார்கள். நடுவே மண்திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். பறவைகள் வந்தன. அந்த வேலைக்கு எந்தப் புராணமும் தேவைப்படவில்லை.

அதற்காக வழிபாடே வீண் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. தண்ணீர் குறைந்த வருடங்களிலும் ஆடிப்பெருக்குக்காகவே மேட்டூர் அணையைத் திறக்க அரசு உத்தரவிட்டதுண்டு. திருவிழா இருக்கிற ஆற்றுக்காகக் கேட்க ஆள் இருக்கிறது. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் வாங்கனுயி ஆற்றைத் தங்கள் மூதாதையாகவே நினைப்பவர்கள். அந்த நம்பிக்கையைச் சட்டமாக்கி, 2017-ல் ஆற்றுக்கே சட்டப்படி ஒரு நபருக்குரிய உரிமை கொடுத்தது அந்த நாட்டு நாடாளுமன்றம். ஆற்றின் சார்பில் பேச, அரசு தரப்பில் ஒருவர், மாவோரி மக்கள் தரப்பில் ஒருவர் என இரண்டு காவலர்கள். அங்கே நம்பிக்கை, கையெழுத்துப் போடுகிற பொறுப்பாகவும் மாறிவிட்டது.

திருமணிமுத்தாறு சேலத்தோடு முடிந்துவிடுவதில்லை. நாமக்கல் மாவட்டத்துக்குள் ஓடி, பரமத்திவேலூர் பக்கம் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. அதற்குக் கீழே இருப்பது மோகனூர். ஆடி 18 அன்று அங்கே பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று காதோலை கருகமணி விடும்போது, கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்த ஊரின் தண்ணீரும் அவர்கள் காலைத் தொட்டுத்தான் போகிறது.