பதினேழு வயசில் ஒரு தாடை ஆபரேஷன்

உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு என்றால் குழந்தையாக இருக்கும்போது ஒரே ஒரு ஆபரேஷன், அதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். 2009இல் ஆஸ்கர் வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படம் பார்த்தவர்களுக்கும் மனதில் நிற்பது உதட்டு ஆபரேஷன்தான். ஆனால் கணக்கு அப்படியில்லைங்க.

உதட்டை 3 முதல் 6 மாதத்தில் சரிசெய்வார்கள். அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள். ஈறில் எலும்பு வைப்பது 8–11 வயதில், கோரைப்பல் முளைக்கும் முன்பு. சிலருக்கு மேல்தாடை சரியாக வளராமல் உள்வாங்கி நிற்கும். அதை முன்னே நகர்த்தும் ஆபரேஷன், முகத்தின் வளர்ச்சி நின்ற பிறகுதான். பெண்களுக்குப் பதினாறை ஒட்டி, பையன்களுக்குப் பதினெட்டை ஒட்டி.

பெருமாநல்லூர்ப் பக்கம் அந்த வயசு என்றால் என்ன? படிப்பை முடித்தோ விட்டோ பனியன் கம்பெனிக்குப் போகிற வயசு. ஷிப்ட் கணக்கு, சனிக்கிழமை சம்பளம். தாடை ஆபரேஷனுக்கு முன்பு ஒரு வருஷம், சில சமயம் அதற்கும் மேல், பல்லில் கம்பி போட்டு மாதாமாதம் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பையனுக்கு ஒரு ஷிப்ட், கூட வரும் அம்மாவுக்கு ஒரு ஷிப்ட் போச்சு. நடுவில் வாடகை வீடு மாறும், போன் நம்பர் மாறும். மூன்றாவது மாதம் அவன் வரவில்லை என்றால் யார் தேடுவது?

2013இல் தொடங்கிய மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 18 வயது வரையிலானது. பிளவும் அதன் பட்டியலில் உண்டு. ஆனால் பெரிய பிள்ளைகளுக்கான பரிசோதனை நடப்பது பள்ளிக்கூடத்தில். படிப்பை விட்டவன் அங்கே கண்ணில் படமாட்டான்.

அதனால்தான் 'கேஸ் மேனேஜ்மென்ட்' செய்யும் ஒரு நர்ஸ் வேண்டும் என்கிறேன். சர்ஜன், பல் டாக்டர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோருடைய தேதியும் அவர் கையில் ஒரே நோட்டில் இருக்கும். வராதவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார். ரத்தசோகை இருந்தால் முன்கூட்டியே கவனிப்பார். பதினெட்டுக்குக் கீழே என்றால் கையெழுத்து பெற்றோருடையது, ஆனாலும் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, "இது உனக்கு வேணுமா கண்ணு, இல்ல ஊர் பேசுதேன்னா?" என்று கேட்பார். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் கூழ், பருப்புத்தண்ணி, மோர்தான். முகம் வீங்கும், உதடு கொஞ்ச நாள் மரத்துக் கிடக்கும். இதையெல்லாம் முன்னாடியே சொல்லிவைத்தால் கண்ணாடி பார்த்து அழ வேண்டியதில்லை.

நடக்கிற காரியமா என்று கேட்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார், உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, பிளவுள்ளவர்களுக்கான பேச்சுப் பயிற்சியை ஊருக்கே கொண்டுபோனார்கள். நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் தேடிப் போனதுதான் அதன் அடிப்படை. பனியன் கம்பெனி ஊர்களுக்கும் அதே முறை பொருந்தும். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: தேதி குறிக்கும்போது ஷிப்டையும் கேட்டுக் குறிக்க வேண்டும்.