டார்ச் நிற்கிறது, தகடு நகர்கிறது!

நண்பர்களே, வெல்டிங் ஷாப்பில் கேஸ் டார்ச்சை ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு, அதன் மேலே ஒரு தகட்டை மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? வரிசையாகச் சூட்டுத் தழும்பு விழும். கடைசித் தழும்பு மட்டும்தான் சுடும், முந்தினதெல்லாம் ஆறிப்போயிருக்கும். ஹவாய்த் தீவுகள் பிறந்த கதையும் இதுதான்! தகடு, பசிபிக் கடலின் தரைப்பாறை. டார்ச், பூமிக்குள் இருக்கும் வெப்பப்புள்ளி.

எரிமலைகள் பெரும்பாலும் பூமித்தட்டுகளின் ஓரங்களில்தான் இருக்கும். ஹவாயோ தட்டின் நட்டநடுவில் இருக்கிறது. இந்தப் புதிருக்கு 1963-ல் விடை சொன்னவர் கனடா நாட்டு விஞ்ஞானி டூசோ வில்சன்.

சின்னதாய் ஒரு கணக்கு போடுவோமா? வடமேற்கில் உள்ள கவாய் தீவின் வயது சுமார் 50 லட்சம் ஆண்டுகள். இன்றும் எரிமலை கக்கும் பெரிய தீவிலிருந்து தூரம் ஏறக்குறைய 500 கி.மீ. வகுத்துப் பாருங்கள், வருடத்துக்கு 10 செ.மீ. அட, நம்ம சின்ன ஸ்கேல் நீளம்கூட இல்லை! இப்படி ஊர்ந்தே, கடலில் மூழ்கிய பழைய மலைகளையும் சேர்த்து, சுமார் 6,000 கி.மீ. நீள வரிசை உருவாகிவிட்டது.

நெருப்புத் தெய்வமான பெலே, கவாயில் தொடங்கித் தீவு தீவாய் இடம் மாறி, கடைசியில் பெரிய தீவின் கிலாவேயா எரிமலையில் குடியேறினாள் என்பது ஹவாய் மக்களின் கதை. பாறைகளின் வயதும் அதே வரிசைதான்!

இங்குள்ள லாவாவில் சிலிக்கா குறைவு. அதனால் தண்ணியாக ஓடிப் பரவி, கேடயத்தைக் கவிழ்த்த மாதிரி அகலமான மலையாகிறது. மவுனா கீ கடலுக்கு மேலே 4,207 மீட்டர்தான். கடலடியிலிருந்து அளந்தால் 10,000 மீட்டருக்கு மேல். எவரெஸ்டெல்லாம் அப்புறம்தான்!

2018-ல் கிலாவேயாவின் கிழக்குச் சரிவில், குடியிருப்புக்கு நடுவே தரையைப் பிளந்துகொண்டு லாவா வந்தது. ஆள் ஓடித் தப்பலாம், வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? சுமார் 700 கட்டடங்கள் போயின. அதே லாவா கடலில் விழுந்து உறைந்து சுமார் 875 ஏக்கர் புது நிலமும் ஆனது. வீடு இழந்தவருக்கு அதில் ஒரு சென்ட்கூடக் கிடையாது. லாவா உண்டாக்கும் புது நிலம் அரசுக்கே சொந்தம் என்று ஹவாய் உச்ச நீதிமன்றம் 1977-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

பெரிய தீவுக்குத் தென்கிழக்கே, கடல் மட்டத்துக்குச் சுமார் 975 மீட்டர் கீழே, அடுத்த மலையின் உச்சி வளர்ந்துகொண்டிருக்கிறது. லோயிஹி என்பது அதன் பழைய பெயர். (புதுப் பெயர் வாயில் நுழையவில்லை!) அது வெளியே தலைகாட்ட இன்னும் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும்.